நீர்நாய்க் குட்டியின் ஈரப் படுக்கை

காட்டாறு வளைந்து திரும்பும் இடத்தில் ஓர் ஆழமான மடு இருந்தது. மடுவின் கரையில் பெரிய மருத மரம். அதன் வேர்களுக்கு அடியில் ஒரு வளை. அந்த வளையில் மினுக்கி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. மூத்தவன் பெயர் சுழியன். இளையவள் பெயர் நுரை.

நீர்நாய்கள் பகலெல்லாம் தண்ணீரில்தான் கிடக்கும். ஆனால் படுக்கை மட்டும் காய்ந்திருக்க வேண்டும். கரையேறியதும் மணலில் புரண்டு, புல்லில் உடம்பைத் தேய்த்து, ரோமம் நன்றாக உலர்ந்த பிறகுதான் வளைக்குள் நுழையும். ஈரக் காலோடு யாராவது உள்ளே வந்தால் மினுக்கிக்குக் கோபம் வந்துவிடும்.

அப்படிப்பட்ட வளையில் நாள்தோறும் காலையில் படுக்கை நனைந்திருந்தது.

“அம்மா! இவ மறுபடியும் ஒண்ணுக்குப் போய்ட்டா!” என்று சுழியன் கத்தும். “என் வயிறெல்லாம் ஈரம்! நாத்தம் தாங்க முடியல!”

நுரை வாலைச் சுருட்டிக்கொண்டு வளையின் ஓரத்தில் ஒட்டி நிற்கும். மினுக்கி ஈரப் புல்லை வாயில் கவ்வி வெளியே இழுத்துப் போடும். “இவ்வளவு பெரிய பொண்ணு ஆயிட்டே! உனக்கே அசிங்கமா இல்லையா?” என்று கேட்கும். பதிலுக்குக் காத்திராமல் மீன் பிடிக்கப் போய்விடும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. அப்போது நெடுவால் இருந்தது. நெடுவால்தான் குட்டிகளின் அப்பா.

கோடையில் மடு வற்றியது. மீன் குறைந்தது. “கீழே, அணைக்கட்டைத் தாண்டி, வத்தாத தண்ணி இருக்காம். பார்த்துட்டு வந்து உங்களையும் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு நெடுவால் கிளம்பியது. அது போன சில நாட்களில் மலையில் மழை கொட்டியது. ஆறு சிவப்பாகப் பெருகி வந்தது. மரங்களை வேரோடு புரட்டிக்கொண்டு ஓடியது. வெள்ளம் வடிந்ததும் எல்லாம் திரும்பி வந்தன. மணல் திட்டு வந்தது. ஆமைகள் வந்தன. மீன்கொத்திகளும் வந்தன. நெடுவால் வரவில்லை.

“அப்பா எப்பம்மா வருவாரு?” என்று நுரை ஒருநாள் கேட்டது.

“தூங்கு” என்றது மினுக்கி.

மறுநாளும் கேட்டது. மினுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு நுரை கேட்கவில்லை. அந்த வளையில் நெடுவாலின் பெயரை யாரும் சொல்லவில்லை. வளையின் வாசலோரம் நெடுவால் படுக்கும் இடம். அதன் வால்மேல் தலையை வைத்துத்தான் நுரை தூங்கும். இப்போது அந்த இடம் காலியாகவே கிடந்தது.

ஆற்றங்கரை நாணல் காட்டில் ஒரு நரி இருந்தது. வேட்டையாடச் சோம்பல். ஆனால் காது கூர்மை. சுழியன் காலையில் கத்துவதைக் கேட்டு அது மருத மரத்தடிக்கு வந்தது.

“மினுக்கியம்மா! உங்க வீட்டுக் கஷ்டம் என் காதுல விழுந்தது. மனசு கேட்கல!”

“உங்களுக்கு இதுக்கு வைத்தியம் தெரியுமா நரியாரே?”

“தெரியுமாவா! இந்தக் கரையில எத்தனை குட்டிங்களை நான் நேராக்கியிருக்கேன்! கவலையை விடுங்க. படுக்கை நனைஞ்ச அன்னிக்கு மட்டும் வந்து பார்ப்பேன். நடந்து வந்த களைப்புக்கு ஒரு மீன் குடுத்தா போதும்.”

மினுக்கி இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்துகொண்டிருந்தது. அதற்கு உடம்பெல்லாம் வலி. யாராவது வழி சொன்னால் போதும் என்றிருந்தது. “சொல்லுங்க, என்ன செய்யணும்?” என்றது.

“உச்சி வெயிலுக்கு அப்புறம் இவளை ஆத்துல இறங்க விடாதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கக் கூடாது. உள்ளே போனாத்தானே வெளியே வரும்? அப்புறம் இன்னொண்ணு. வெளியில தெரியாம மூடி மூடி வைக்காதீங்க. நாலு பேருக்குத் தெரியணும். வெட்கம் வந்தா எல்லாம் தானா நிக்கும்!”

மணல் திட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. கத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் அதற்குப் போதும். நரி அதன் காதில் விஷயத்தைப் போட்டது. மறுநாள் விடிந்ததும் ஆள்காட்டி ஆற்றின் குறுக்கே பறந்து பறந்து கத்தியது.

“நுரை நனைச்சிட்டா! நுரை நனைச்சிட்டா!”

எதிர்க்கரையில் வேறு நீர்நாய்க் குட்டிகள் இருந்தன. அங்கே ஒரு களிமண் சரிவு. குட்டிகள் வரிசையாக ஏறிப் போய், வயிற்றால் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் தொப்பென்று விழும். நுரைக்கு அந்த விளையாட்டு உயிர். ஆள்காட்டி கத்தத் தொடங்கிய பிறகு நுரை அங்கே அதிகம் போகவில்லை. போனால், “தள்ளி நில்லு! சரிவு ஈரமாயிடும்!” என்று குட்டிகள் சிரித்தன. தண்ணீரில் நனைந்தே கிடக்கும் சரிவு அது. இருந்தாலும் அந்தச் சிரிப்பு நுரைக்கு வலித்தது.

மத்தியானத்துக்கு மேல் நுரை சுடுமணலில் உட்கார்ந்திருக்கும். தொண்டை காயும். கண்ணெதிரே ஆறு ஓடும். எதிர்க்கரையில் குட்டிகள் கூச்சலிடும். நுரை அந்தப் பக்கம் பார்க்காது. ஆறு போகும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். தொலைவில் ஏதாவது கட்டை மிதந்து அசைந்தால் எழுந்து நிற்கும். கட்டைதான் என்று தெரிந்ததும் உட்காரும்.

பொழுது சாயும்போது மினுக்கி கடைசியாக ஒருமுறை மீன் பிடிக்கப் போகும். அந்த நேரம் பார்த்து நுரை மெல்ல இறங்கி, மடக் மடக்கென்று வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கும். பிறகு ஒன்றும் தெரியாததுபோல் வந்து படுத்துக்கொள்ளும்.

விடிந்தால் படுக்கை முன்னைவிட அதிகமாக நனைந்திருக்கும். ஆள்காட்டி கத்தும். நரி வரும். மீன் வாங்கும்.

“நோய் முத்தியிருக்கு! வைத்தியத்தை விட்டுடாதீங்க!” என்று சொல்லிவிட்டுப் போகும். நரியின் வயிறு நன்றாகப் பருத்தது. மினுக்கியின் விலா எலும்பு தெரிந்தது.

ஒருநாள் மாலை மினுக்கிக்கு மீன் சீக்கிரமே அகப்பட்டது. திரும்பி வந்தால், நாணலுக்குப் பின்னால் நுரை தண்ணீரில் முகத்தைப் புதைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

கவ்வியிருந்த மீனை மணலில் போட்டுவிட்டு, “நுரை!” என்று கத்தியது மினுக்கி.

நுரை திடுக்கிட்டுப் பின்வாங்கியது. “திட்டாதேம்மா! தாங்க முடியலம்மா! நாக்கு ஒட்டிக்குது!”

மினுக்கி கிட்டே வந்து பார்த்தது. குட்டியின் உதடு வெடித்திருந்தது. வயிறு மட்டும் தோல்பை மாதிரி ஊதியிருந்தது.

“எப்பலேர்ந்து இப்படிக் குடிக்கிறே?”

“நரி மாமா வந்ததிலேர்ந்து.”

மினுக்கிக்கு அப்போதுதான் புரிந்தது. மத்தியானமெல்லாம் காயப்போட்டால் குட்டி இருட்டும் நேரத்தில் மொத்தமாகத்தானே குடிக்கும்? மொத்தமாகக் குடித்தால் படுக்கை எப்படிக் காயும்? தன் குட்டியின் தாகம்கூடத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அது மணலிலேயே உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலை நரி வழக்கம்போல வந்தது. “நனைஞ்சிருக்குமே! எங்கே என் மீன்?”

“நரியாரே, ஒண்ணு கேட்கணும். என் பொண்ணு காய்ஞ்ச படுக்கையில எழுந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்?”

“எனக்கா? உங்க சந்தோஷம்தான் என் சந்தோஷம்!”

“நனைஞ்சா?”

நரி கண்ணைக் கொட்டியது. “அது... ஒரு மீன்...”

“அதனாலதான் நனையறதுக்கே வைத்தியம் பண்ணியிருக்கீங்க. போயிடுங்க! இனிமே இந்தப் பக்கம் வராதீங்க!”

“உன் வளை நாறிப் போகும்!” என்று நரி பல்லைக் காட்டியது.

“நாறட்டும். என் வளைதானே! நான் கழுவிக்கிறேன்.”

நரி போனது. உட்கார்ந்து தின்று பழகிய உடம்பு. வேட்டைக்கு ஓட முடியவில்லை. பசி தாங்காமல் ஒரு நண்டுப் பொந்தில் மூக்கை விட்டது. நண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டது. வீங்கிய மூக்கோடு அது நாணல் காட்டைவிட்டே ஓடியது.

மினுக்கி நேராக மணல் திட்டுக்குப் போனது.

“ஆள்காட்டி அக்கா! இனிமே என் பொண்ணு பேரைச் சொல்லிக் கத்தாதீங்க.”

“நான் யாரையும் கெடுக்கணும்னு கத்தலையே! கண்ணுல பட்டா வாய் நிக்காது. என் குணம் அப்படி!”

“உங்க முட்டை எந்தக் கல்லுக்குப் பக்கத்துல கிடக்குன்னு எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். கண்ணுல பட்டதேன்னு நான் அதைக் கரை முழுக்கக் கத்தினா எப்படி இருக்கும்?”

ஆள்காட்டி சட்டென்று வாயை மூடியது. முட்டைகளைப் பார்த்தது. மினுக்கியைப் பார்த்தது. “தப்புதான் தங்கச்சி” என்று தாழ்ந்த குரலில் சொன்னது. அன்றிலிருந்து அது பருந்து வந்தால் மட்டும்தான் கத்தியது.

அன்று பகலில் மினுக்கியும் நுரையும் புதுப் படுக்கைக்குப் புல் வெட்டின. காய்ந்த கோரையைப் பல்லால் கடித்துக் குவித்தன.

“இனிமே தாகம் எடுத்தா எடுத்த நேரத்துல குடி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். மெல்ல மெல்லச் சரியாயிடும்” என்றது மினுக்கி.

நுரையின் வாயிலிருந்து புல் விழுந்தது. “சரியாக வேணாம்மா!”

“என்னடி சொல்றே?”

“சரியாயிட்டா அப்பா வரமாட்டாரு!”

மினுக்கி புல்லை வைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தது. நுரை தலையைக் குனிந்துகொண்டு சொன்னது:

“தூங்கினா அப்பா வருவாரும்மா. மடுவுக்கு நடுவுல நின்னு சீழ்க்கை அடிப்பாரு. நான் ஓடிப் போய்க் குதிப்பேன். தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். அப்பா வால் மேல தலையை வச்சுப்பேன். அப்புறம் குளிரும். முழிச்சுப் பார்த்தா அப்பா இருக்கமாட்டாரு. படுக்கை நனைஞ்சிருக்கும். அவ்வளவுதான். நனையலைன்னா அவரு வரவே மாட்டாரோன்னு பயமா இருக்கும்மா.”

மினுக்கி ஆறு போகும் திசையைப் பார்த்தது.

“உனக்காவது வர்றாரு” என்றது. “எனக்குக் கனவுல கூட வரமாட்டேங்குறாருடி.”

நுரை நிமிர்ந்து பார்த்தது. அம்மாவின் மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் அப்பா வேண்டும் என்பது அதுவரை அதற்குத் தோன்றியதே இல்லை.

“அப்பா பத்திப் பேசினா உனக்குக் கோபம் வரும்னு நினைச்சேன்” என்றது நுரை.

“கோபம் இல்லடா தங்கம். பேச ஆரம்பிச்சா அழுதுடுவேனோன்னு பயம். நான் அழுதா நீங்க ரெண்டு பேரும் என்ன ஆவீங்கன்னு பயம்.”

“இப்ப அழறியே?”

“ஆமா. அழறேன்தான்.”

நுரை தன் அம்மாவின் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து வளையில் எல்லாம் மாறியது. நுரை பகலெல்லாம் ஆற்றில் திரிந்தது. வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தது. அதனால் பொழுது சாயும் நேரத்தில் வயிறு முட்டக் குடிக்கும் அவசரம் அதற்கு இல்லை. படுக்கப் போகும் முன் மினுக்கி அதைக் கரையோரம் கூட்டிப் போய், “ஒண்ணுக்குப் போய்ட்டு வா” என்று சொல்லும். படுக்கையின் அடியில் அகலமான தேக்கிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, அதன்மேல் புல்லைப் போட்டது. நனைந்தால் மேல்புல்லை மட்டும் மாற்றினால் போதும்.

“ஏம்மா இவளுக்கு மட்டும் இவ்வளவு?” என்று சுழியன் முணுமுணுத்தது. “நான் பாரு, ஒரு நாளாவது நனைச்சிருக்கேனா?”

“போன மழைக்காலம் வரைக்கும் நனைச்சே” என்றது மினுக்கி. “உங்கப்பாதான் விடியறதுக்குள்ள புல்லை மாத்திடுவாரு. நீ எழுந்து பார்க்கும்போது காய்ஞ்சிருக்கும்.”

மறுநாள் காலையில் ஈரப் புல்லின் ஒரு நுனியைச் சுழியன் கவ்வியது. மறுநுனியை நுரை கவ்வியது. இரண்டும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போய் வெயிலில் போட்டன.

நடு இரவில் ஒருமுறை மினுக்கி எழுந்து நுரையை மூக்கால் மெல்லத் தொடும். “வாடா, கரை வரைக்கும் போய்ட்டு வரலாம்.” நுரை பாதித் தூக்கத்தில் அம்மாவின்மேல் சாய்ந்துகொண்டே நடக்கும். போகும்போதும் வரும்போதும் மினுக்கி நெடுவாலைப் பற்றிச் சொல்லும். முதன்முதலில் ஆமையைப் பார்த்த நெடுவால், கல் நடக்கிறது என்று பயந்து மரமேறப் பார்த்ததைச் சொன்னது. நுரை பிறந்த அன்று அது சந்தோஷத்தில் பிடித்த மீனையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வெறும் வாயோடு வந்ததைச் சொன்னது.

“அப்புறம்?” என்று நுரை கேட்கும்.

“மிச்சம் நாளைக்கு. இப்ப தூங்கு.”

முன்பு ‘தூங்கு’ என்றால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது அப்படி இல்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் நனைந்தது. சில நாள் காய்ந்திருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிழட்டு ஆமையிடம் நுரை, “எங்கப்பாவைப் பார்த்தீங்களா?” என்று கேட்டது. ஆமை இல்லை என்று தலையாட்டியது. அந்த வாரம் முழுக்கப் படுக்கை நனைந்தது. மினுக்கி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடுதலாகப் புல் வெட்டி வைத்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் மினுக்கி எழுந்து பார்த்தது. இரவு அது அயர்ந்து தூங்கிவிட்டது. நுரையை எழுப்பவே இல்லை. பதறிப்போய்ப் படுக்கையைத் தொட்டது. காய்ந்திருந்தது.

“அப்பா வரலையா?” என்று மெதுவாகக் கேட்டது.

“வந்தாரும்மா” என்றது நுரை, கண்ணைத் தேய்த்துக்கொண்டே. “சீழ்க்கை அடிச்சாரு. ‘இருங்கப்பா, ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துடறேன்’னு சொல்லிட்டு எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்து படுத்தேன்.”

“இருந்தாரா?”

“ம். கொஞ்ச நேரம் இருந்தாரு.”

மினுக்கி சிரித்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. அது வெளியே போய் வெறுமனே ஆற்றைப் பார்த்து நின்றது.

அன்று மாலை நுரை எதிர்க்கரைச் சரிவுக்கு நீந்திப் போனது.

“ஏய், நனைக்கிறவ வந்துட்டா!” என்று ஒரு குட்டி கத்தியது.

“ஆமா, நனைப்பேன். இப்ப குறைஞ்சிருக்கு. நீ நகரு, நான் சறுக்கணும்!” என்றது நுரை.

அந்தக் குட்டி நகர்ந்துகொண்டது. நுரை வயிற்றால் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

அடுத்த மழைக்காலம் வந்தபோது நுரையின் படுக்கை நனைவது நின்றுவிட்டது. ஆனால் மினுக்கிக்கு நடு இரவில் விழிப்புத் தட்டுவது நிற்கவில்லை. ஒருநாள் அப்படித்தான் விழித்தது. நுரையும் சுழியனும் நல்ல தூக்கத்தில் இருந்தன. எழுப்ப வேண்டிய தேவை இல்லை. மினுக்கி மட்டும் தனியாகக் கரைக்குப் போனது. மணலில் உட்கார்ந்து, ஆறு போகும் திசையைப் பார்த்தது. கூட நடப்பதற்குக் குட்டி இல்லை. கதை கேட்கவும் யாரும் இல்லை. நெடுவால் இல்லாத குறை முழுக்க அப்போதுதான் வந்து அதன் நெஞ்சில் உட்கார்ந்தது.

பின்னால் மணல் நறநறத்தது. நுரை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

“என்னடா, ஒண்ணுக்கு வருதா?” என்று கேட்டது மினுக்கி.

“இல்லம்மா.”

“பின்னே ஏன் எழுந்து வந்தே?”

“நீ தனியா உட்கார்ந்திருக்கியே. அதான் வந்தேன்” என்றது நுரை. “அப்பா உன்னை முதல்ல எங்கே பார்த்தாரும்மா? அதை நீ இன்னும் சொல்லவே இல்லையே!”

மினுக்கி சொல்லத் தொடங்கியது.

தூக்கத்தில் தன்னை அறியாமல் படுக்கையை நனைக்கும் பிள்ளையை ஏசியும் ஊருக்குக் காட்டியும் திருத்த முடியாது. அதன் தாகத்தையும் ஏக்கத்தையும் கேட்டறிந்து பொறுமையோடு பக்கத்தில் இருந்தால், அது தன் காலத்தில் தானே தேறிவிடும்.